மலைபடுகடாம் காட்டும் மலைவழி

பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டு எது என்று கேட்டால், சங்க இலக்கியப் பாடம் எடுத்த மாணவர் எவரும் 'மலைபடுகடாம்' என்று உடனே சொல்லிவிடுவர். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பாடப்பட்டவன் நன்னன் சேய் நன்னன், அடிகள் 583, இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. நானும் இவற்றை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். சாலாக் செலாத்தானில் எல்.ஆர்.டி. ஏறி, கம்பியைப் பிடித்து நின்றபடியே மனனம் செய்தவை அவை. சென்ற ஆண்டு கருத்தரங்குப் படைப்புக்கும் இந்நூலையே எடுத்துக்கொண்டேன். இருபது நிமிடம் பேசினேன். நல்ல புள்ளிகளும் கிடைத்தன.

அதற்குப் பதினாறு நாள் கழித்து, உலு லங்காட்டில் உள்ள குனோங் நுவாங் மலையில், அந்தி சாயும் நேரத்தில், முதலாண்டு மாணவர் இருவரை உடன் வைத்துக்கொண்டு வழி தெரியாமல் நின்றேன். அப்படி நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது, நான் இருபது நிமிடம் பேசிய அதே நூலில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. அந்த மறதியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் கழகத்தில் பொறியியல், கணக்கியல், மருத்துவம் பயில்வோரே மிகுதி. ஆதலால் ஆற்றுப்படை என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, "நீயும் அவனிடம் போ, இப்படிப் போ" என்று வழிப்படுத்துவது ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. ஆனால் வகுப்பில் நாம் வழியைப் படிப்பதில்லை. வள்ளலைப் படிக்கிறோம். அவன் என்ன கொடுத்தான், எப்படி விருந்தளித்தான், புலவர் எந்த உவமையைக் கையாண்டார் என்பனவே தேர்வில் வரும். நடுவில் உள்ள நீண்ட வழிப்பகுதியை 'இயற்கை வருணனை' என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுவோம். என் படைப்பிலும் அப்படித்தான் அடக்கினேன். அதற்கு ஒரே ஒரு 'சிலைடு'.

நுவாங்கிலிருந்து இறங்கிவந்த மறுவாரம் அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். உ.வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததால்தான் இந்நூல் இன்று நம் கைக்கு எட்டுகிறது. அந்த உரையைத் துணையாக வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தபோது, வருணனை என்று நான் நினைத்திருந்த இடங்கள் பல, உண்மையில் எச்சரிக்கைகளாக இருந்தன.

முதலில் களத்தைச் சொல்ல வேண்டும். நன்னனின் ஊர் செங்கண்மா. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் அதுவே. அவனுடைய மலை நவிரம். செங்கத்துக்கு அருகே உள்ள பருவதமலையே நவிரம் எனப் பலர் கருதுவர். இன்றும் அது ஏறுவதற்குக் கடினமான மலைதான். கூத்தர் தனியாக வருவதில்லை. பெண்கள், பிள்ளைகள், மூட்டை முடிச்சுகள் எல்லாம் உண்டு. முழவு, ஆகுளி, பாண்டில், எல்லரி, பதலை என்று இசைக்கருவிகளைப் பையில் கட்டி, பலாக்காய்க் கொத்துப்போல் தோளில் சுமந்து வருகிறார்கள். ஆக, இது வீரர்களுக்குச் சொன்ன வழி அன்று. மலை பழக்கமில்லாத, சுமை தூக்கிய, குடும்பத்தோடு வரும் ஒரு கூட்டத்துக்குச் சொன்ன வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்போங் பங்சூன் கார் நிறுத்துமிடத்தில் இறங்கும் நம்மைப் போன்ற கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் சிலவற்றை என் சொற்களில் தருகிறேன். காட்டுப்பன்றிக்காகக் கல்லால் செய்த பொறிகள் வழியில் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே இருட்டில் நடக்காதீர்கள், விடிந்தபின் புறப்படுங்கள். அதிகம் பேர் நடக்காத பாதையைத் தேர்ந்தால் பரல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒளிந்திருக்கும். பார்த்து விலகிப் போங்கள். தினைப்புனம் காக்கும் குறவர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். மரத்தின் மறைவிலேயே செல்லுங்கள். பாறையில் பாசி படிந்து கால் வழுக்கும் இடம் வரும். அங்கே வளர்ந்திருக்கும் சிறுமூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு கடந்து செல்லுங்கள். ஆழமான மடு வந்தால் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு போங்கள். விழுந்து கிடக்கும் மரம்போலத் தோன்றுவது மலைப்பாம்பாக இருக்கலாம், சுற்றிக்கொண்டு போங்கள். இரவு வந்துவிட்டால் வீட்டுக்குள் நுழைவதுபோலக் கற்குகைக்குள் தங்கிவிடுங்கள்.

இவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று உண்டு. மலையில் மயில் ஆடும், குரங்கு தாவும், செங்குத்துப் பாறையில் தேனடை தொங்கும். இவற்றைச் சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் வரிசையாகச் செல்லும் உங்கள் அடிகள் வழி மாறிப்போகும் என்கிறார் புலவர். மயிலையும் அருவியையும் இவ்வளவு அழகாகப் பாடத் தெரிந்த புலவர்தான் 'பார்க்காதீர்' என்றும் சொல்கிறார்! இக்காலத்தில் இதே அறிவுரை வேறு விதமாக வரும்: நடக்கும்போது படம் பிடிக்காதே, படம் பிடிக்கும்போது நடக்காதே. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பாறை விளிம்பில் பின்வாங்குகிறவர்களை எந்த மலையிலும் காணலாம்.

கிளைவழி பிரியும் இடங்களுக்கும் குறிப்பு உண்டு. சேரும் ஊரின் பெயரைக் குறித்து வைத்திருக்கும் இடங்கள் வரும். அத்தகைய கவர்வழிகளில், புதியவர்களாகிய நீங்கள், பின்னால் வருவோர் தடுமாறாதிருக்கச் சந்தியைத் துப்புரவாக்கிப் புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள் என்று நூல் சொல்கிறது. இன்று மரத்தில் கட்டப்படும் வண்ண நாடாக்களும் சிவப்பு அம்புக்குறிகளும் செய்யும் வேலையை அன்று புல்முடிச்சு செய்திருக்கிறது.

இனி நுவாங்குக்கு வருவோம். 1,493 மீட்டர் உயரமுள்ள இம்மலை தித்திவாங்சா மலைத்தொடரைச் சேர்ந்தது. சிலாங்கூர், பகாங் எல்லையில் நிற்கிறது. மழை ஓய்ந்த காலை வேளைகளில் சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியின் மேல்தளத்தில் துணி காயப்போடும்போது, கிழக்கே அந்தத் தொடரின் நீலக்கோடு தெரியும். பார்க்க அவ்வளவு பக்கம். ஆனால் பங்சூனிலிருந்து போகும் பாதை யாரையும் எளிதில் விடாது. முதல் ஐந்து கிலோமீட்டர் அளவுக்கு மண்சாலை. முடிவே இல்லாத சாலை என்று அதற்கு மலையேறுவோர் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதன்பின் ஆற்றோரத்தில் கெம் லோலோ. அங்கிருந்து வேரைப் பிடித்து ஏறினால் கெம் பாச்சாட். பாச்சாட் என்றால் மலாயில் அட்டை. பெயர் பொருத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அப்புறம் புஞ்சாக் பெங்காசே, அப்புறம்தான் உச்சி. எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குப் போய்வரப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும்.

இது வனக்காப்பகம் என்பதால் வன இலாகாவின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நிரந்தர வனக்காப்பகத்துக்குள் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நாங்கள் அனுமதி பெற்றோம். மாலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டி ஒருவரும், அவருக்குத் துணையாகத் தெமுவான் இளைஞர் ஒருவரும் உடன் வந்தனர். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. இனி வருவது முழுக்க என் தவறு.

பதினெட்டுப் பேர் போனோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் ஒன்றரைக்கு உச்சியைத் தொட்டோம். இறங்கும்போது முதலாண்டு மாணவி ஒருத்திக்கு முழங்கால் வலித்தது. அவளுக்காக நானும், அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவனும் பின்தங்கினோம். "நீங்க முன்னால போங்க, நாங்க மெதுவா வர்றோம்" என்று நானே குழுவை அனுப்பி வைத்தேன். மூத்த மாணவி என்ற பெருமிதம் வேறு. கெம் பாச்சாட்டுக்குக் கீழே ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரிவதுபோல் இருந்தது. இடப்பக்கம் அகலமாகவும் தேய்ந்தும் தெரிந்தது. அதில் இறங்கினேன். அது வழியன்று, மழைநீர் அரித்து ஓடிய தடம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பது நிமிடம் நடந்தோம். தடம் குறுகியது, கிளைகள் முகத்தில் அடித்தன. சூரியன் மறைய ஏழு மணியாகும் என்றாலும் காட்டின் அடியில் ஆறரைக்கே இருள் கட்டிவிடும். மழைத்தூறல் வேறு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் வெப்பம் குறையும் என்று புவியியலில் படித்திருப்போம். நனைந்த டீ-சட்டையோடு நிற்கும்போது அந்த ஆறரைப் பாகை என்னவென்று பற்கள் சொல்லும்.

கைப்பேசியில் தொடர்பில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் வேகமாக நடக்க வேண்டும். கீழே எங்கோ ஆற்றின் சத்தம் கேட்டது. ஆற்றைப் பிடித்தால் கெம் லோலோ வந்துவிடும் என்று நினைத்து, சரிவில் இறங்கக் காலெடுத்து வைத்தேன்.

"அக்கா, இந்தக் கட்டைய நம்ம முன்னமே தாண்டிட்டோம்லா" என்றான் அந்தத் தம்பி.

பார்த்தேன். என் காலணித் தடமே அங்கிருந்தது.

"இல்லடா, ஆறு கீழதான் இருக்கு. இறங்கிட்டா போதும்" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"நில்லுங்கக்கா. நடக்காதீங்க. எங்க பாட்டி சொல்லும், பால்மரக் காட்டுல தொலைஞ்சா நின்ன எடத்துலயே நின்னு கூ போடணுமாம். நடந்தா தேடி வர்றவங்களும் தொலைஞ்சிருவாங்களாம்."

இயந்திரப் பொறியியல் மாணவன் அவன். மலைபடுகடாம் என்ற பெயரைக்கூட அதுவரை கேட்டதில்லை. அவனுடைய பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் இறங்குகிறவர்கள், ஒருவர் எங்கிருக்கிறார் என்பதை மற்றவர் அறியக் கூ கொடுப்பார்கள் என்று என் தாத்தாவும் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழில் 'கூப்பிடு தூரம்' என்று தூரத்துக்கே ஓர் அளவு இருப்பதை அங்கே நின்றபோதுதான் யோசித்தேன்.

மாணவியின் முழங்கால் வீங்கியிருந்ததால் நான் இணங்கினேன் என்பதே உண்மை. அறிவால் இணங்கவில்லை. அகலமான பாறை ஒன்றில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். மேகி கிண்டக் கொண்டுபோயிருந்த சின்ன அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டினோம். ஆறு தட்டு, பிறகு ஒரு நிமிடம் அமைதி. மறுபடியும் ஆறு தட்டு. நிமிடத்துக்கு ஆறு ஒலி என்பது ஐரோப்பிய மலைகளில் வழங்கும் ஆபத்துக் குறி. பதிலாக மூன்று ஒலி வரும். இதை எனக்குச் சாரணியர் இயக்கத்தில் கற்றுக் கொடுத்திருந்தார்கள். குறி நினைவில் இருந்தது. நிற்க வேண்டும் என்பதுதான் நினைவில் இல்லை.

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் கழித்து மேலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தத் தெமுவான் இளைஞர்.

இப்போது நூலுக்குத் திரும்புவோம். வழி தவறி மயங்கினால் என்ன செய்வது என்று பெருங்கௌசிகனார் சொல்லும் இடம் இது. அகன்ற பாறையில் எல்லோரும் ஒன்றாகக் கூடுங்கள். மேலும் நடப்பதைத் தவிருங்கள். உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். மூன்றே கட்டளைகள். கூடு, நில், ஒலி எழுப்பு. நடப்பதற்கும் இசைக்கருவிக்கும் 'இயம்', 'இயங்கல்' என ஒத்தொலிக்கும் சொற்களைப் புலவர் அங்கே அடுத்தடுத்து வைத்திருப்பதை என் படைப்பில் 'சொல்நயம்' என்று பாராட்டியிருந்தேன். அது பிழைத்திருப்பதற்கான விதி என்று எனக்குப் படவில்லை.

இன்று உலகெங்கும் மீட்புக் குழுவினர் கற்பிப்பதும் இதுவே. ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2009ஆம் ஆண்டு யான் சூமன் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனீசியாவின் சகாராப் பாலையிலும் மனிதர்களை நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, ஜி.பி.எஸ். கருவியால் தடத்தைப் பதிவு செய்தார்கள். சூரியன் தெரிந்தவர்கள் ஏறத்தாழ நேராகவே நடந்தார்கள். மேகமூட்டத்தில் காட்டுக்குள் நடந்தவர்கள் வட்டமடித்தார்கள். தாங்கள் கடந்த இடத்தையே மறுபடி கடந்தும் அதை உணரவில்லை. நுவாங்கில் அந்தக் கட்டையை இரண்டாம் முறை கண்ட நான் இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆற்றை நோக்கி இறங்குவதும் பிழை. மலையாறு நேராக ஊருக்குப் போவதில்லை. அருவியாகவும் பிளவாகவும் விழுந்து போகிறது. மேலே மழை பெய்தால் கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர் வெள்ளம் வந்து அடித்துச் செல்லும். நம் நாட்டில் இதற்குப் பெரிய சான்று கினபாலு மலையில் உண்டு. 1994ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இராணுவத்தைச் சேர்ந்த பத்துப் பேர், அவர்களில் மூவர் ஹாங்காங் வீரர்கள், 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் லோஸ் கல்லி எனும் பெரும் பிளவுக்குள் இறங்கினார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. வேகமான ஐவர் பெரும்பாடுபட்டு வெளியேறினர். மற்ற ஐவர் கீழேயும் இறங்க முடியாமல், மேலேயும் ஏற முடியாமல், இரண்டு வாரங்களுக்கும் மேலாக உள்ளே சிக்கிக்கொண்டனர். அவர்கள் ஒரே இடத்தில் தங்கி, வெள்ளைக் கற்களால் தரையில் ஆபத்துக் குறியை எழுதி வைத்தனர். மார்ச் மாத இறுதியில் மலேசிய வான்படையின் ஹெலிகாப்டர் அவர்களைக் கண்டது. ஐவரும் உயிரோடு மீண்டனர். குழு பிரிந்தது அவர்களுக்கு வினையாயிற்று. நகராமல் இருந்து குறி வைத்தது காப்பாற்றியது. பதினெட்டுப் பேரைப் பதினைந்தும் மூன்றுமாகப் பிரித்த என்னால் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை எளிதில் மூட முடியவில்லை.

நூலில் இதற்கு அடுத்து வரும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒலி எழுப்பினால் என்ன நடக்கும்? அருவி பாயும் மலையுச்சியில் காடு காத்து வாழும் கானவர் இருக்கிறார்கள். ஆற்றுத்துறையில் கால் தவறியவரின் கூக்குரல் கேட்டால் எவ்வளவு விரைவாக ஓடி வருவார்களோ அவ்வளவு விரைவாக வருவார்கள். உண்ண இனிய பழத்தையும் சூட இனிய பூவையும் காட்டுவார்கள். பிறகு, இடர் நிறைந்த வழியில் அவர்கள் முன்னே நடப்பார்கள். உங்கள் நெஞ்சில் உள்ள கலக்கம் நீங்கும்.

எங்களிடம் வந்த இளைஞர் பூ ஒன்றும் கொண்டுவரவில்லை. சட்டைப்பையிலிருந்து புளிப்பு மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டி, சாப்பிடச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. மாணவியின் முழங்காலைத் துணியால் கட்டினார். பிறகு விளக்கைப் பின்பக்கம் திருப்பிப் பிடித்து, எங்கள் கால்களுக்கு வெளிச்சம் விழுமாறு முன்னே நடந்தார். தான் இருட்டிலேயே நடந்தார். இரவு பத்தரைக்குப் பங்சூன் சேர்ந்தோம். அங்கே என் அம்மா காத்திருந்தார். அவர் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

மலைபடுகடாத்தின் மலையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆபத்தும் அவர்கள் வைத்ததே: பன்றிப்பொறி, கவண்கல். மீட்பும் அவர்களிடமிருந்தே வருகிறது. இடங்களுக்குப் பெயர் உண்டு, காவல் உண்டு, தங்க இடம் உண்டு. நாம் இன்று பாதுகாக்கப்பட்ட வனம், தேசியப் பூங்கா என்றவுடன் ஆள் இல்லாத பசுமையைக் கற்பனை செய்கிறோம். 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாராவுக்குள் பாத்தேக் மக்கள் வாழ்கிறார்கள். உலு லங்காட்டு அடிவாரத்தில் தெமுவான் கிராமங்கள் இருக்கின்றன. கினபாலுவின் வழிகாட்டிகளில் பெரும்பாலோர் அம்மலையடியைச் சேர்ந்த டூசுன் மக்கள். 2015 ஜூன் 5ஆம் நாள் கினபாலுவில் நிலநடுக்கம் நேர்ந்து 18 பேர் உயிரிழந்தபோது, மேலே சிக்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கீழே அழைத்து வந்ததில் அந்த வழிகாட்டிகளுக்கே பெரும்பங்கு. மற்றவர்களைக் காக்க முயன்று ரோபி சாப்பிங்கி என்ற வழிகாட்டி மாண்டார்.

தமிழகத்திலும் இதற்கு ஒரு துயரமான பாடம் உண்டு. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புல் காய்ந்த கோடையில் எந்தச் சரிவு ஆபத்தானது என்பது அந்தந்த மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைவழிகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து நியமித்தது. கானவரை மறுபடியும் வழிக்கு அழைத்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

நூலில் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே பின்பற்ற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கூத்தர்கள் வழியில் கிடைத்த பன்றியிறைச்சியை உண்டார்கள், தேன் குடித்தார்கள், கிடைத்ததைக் கொண்டுபோனார்கள். வனக்காப்பகத்தில் ஒரு செடியைப் பிடுங்கினாலும் குற்றம். குகையில் தங்கச் சொல்வதும் நமக்கு அவ்வளவு பொருந்தாது; ஆனால் ஈரமில்லாத மறைவிடம் தேடு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். நான் இப்போது பையில் கூடுதலாக வைத்துக்கொள்பவை ஒரு விசில், ஒரு தலைவிளக்கு, உலர்ந்த சட்டை ஒன்று, பெரிய குப்பைப் பை ஒன்று. குப்பைப் பையில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டால் மழைக்கும் குளிருக்கும் அது போதும். விலை சில காசுதான். வீட்டிலும் எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகிறேன். பேசிக்கொண்டு போகும் கூட்டத்தில் வேகமானவர் முன்னும் மெதுவானவர் பின்னும் ஆகிவிடுவது இயல்பு. அதனால் மெதுவானவரை நடுவில் விட்டு, வழி தெரிந்தவர் ஒருவர் கடைசியில் வர வேண்டும் என்பதை எங்கள் குழுவில் விதியாக்கிவிட்டோம். கவர்வழி வந்தால் எல்லோரும் வந்து சேரும்வரை யாரும் நகரக்கூடாது.

இவ்வாண்டு மார்ச் மாதம் அதே நுவாங்குக்கு மறுபடியும் போனோம். அதே வழிகாட்டி, அதே தெமுவான் இளைஞர். அந்தத் தம்பியும் வந்தான். முழங்கால் தேறிய அந்தத் தங்கையும் வந்தாள். இடையில் அவர்கள் இருவருக்கும் மலைபடுகடாத்தின் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டியிருந்தேன். தம்பி கேட்டுவிட்டு, "பாட்டி இதையெல்லாம் படிச்சிருக்கலலா" என்று மட்டும் சொன்னான்.

கெம் பாச்சாட்டுக்குக் கீழே அந்தச் சந்து வந்தது. பகலில் பார்க்கும்போது எது வழி, எது தண்ணீர்த் தடம் என்பது ஒரு குழந்தைக்கும் தெரியும்போல் இருந்தது. யாரோ ஒரு நெகிழி நாடாவை மரத்தில் கட்டியிருந்தார்கள். வெளுத்துக் கிழிந்து தொங்கியது. வழிகாட்டி அதை அவிழ்த்துத் தம் பையில் போட்டுக்கொண்டார். காட்டில் நெகிழி இருக்கக்கூடாதாம்.

தங்கை குனிந்து, வழியோரத்தில் நின்ற நீண்ட புல்லைப் பிடுங்காமல் அப்படியே இரண்டு கைப்பிடியாகச் சேர்த்து, சரியான பக்கம் சாயுமாறு முடிச்சுப் போட்டாள். தெமுவான் இளைஞர் அதைப் பார்த்துச் சிரித்தார். தம் தந்தையும் இப்படித்தான் கட்டுவார் என்று மலாயில் சொன்னார். பிறகு அவரும் குனிந்து, எங்கள் முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அதை அவிழ்த்து, இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டு முன்னே நடந்தார்.